அச்சுக்குள் வைக்கும் 60 மைக்ரான் லேபிளைச் சிமுலேஷனில் எப்படிக் கொண்டுவருவது?

மெல்லியசுவர் (கேள்வி)

வணக்கம். வட்டமான மூடி ஒன்றுக்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் சிமுலேஷன் செய்துகொண்டிருக்கிறேன். மூடியின் விட்டம் 100 மி.மீ., சுவர்த் தடிமன் 0.8 மி.மீ., பொருள் பாலிபுரோப்பிலீன். மூடியின் மேல்முகம் முழுவதையும் மூடுகிற லேபிள் ஒன்றை முதலில் அச்சுக்குள், அதாவது எஃகு மோல்டுக்குள், வைத்து, அதன்பின் உருகிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சுகிறார்கள். லேபிளும் பாலிபுரோப்பிலீன் படலமே. இரு திசைகளிலும் இழுத்து நீட்டித் தயாரிக்கப்பட்டது. தடிமன் 60 மைக்ரான். பிளாஸ்டிக் 230 டிகிரி செல்சியஸில் நுழைகிறது, அச்சு 25 டிகிரியில் இருக்கிறது. கேட், அதாவது பிளாஸ்டிக் நுழையும் வாய், லேபிள் இல்லாத பக்கத்தில், மூடியின் நடுவில் அமைந்துள்ளது.

எனக்கு இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. லேபிளைத் தனிப் பாகமாக வரைந்து முப்பரிமாண டெட்ரா மெஷ் போட்டால், அதாவது நான்முக வடிவச் சிறு துண்டுகளாக (எலிமென்டுகளாக) பிரித்தால், எண்ணிக்கை கைமீறிப் போகிறது. எலிமென்டின் விளிம்பு தடிமனைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டு 0.3 மி.மீ. விளிம்பு கொடுத்தேன். லேபிளுக்கு இரண்டே அடுக்குகள் வைத்தும் ஏறத்தாழ 12 லட்சம் டெட்ரா வருகின்றன. லேபிளைத் தொடும் சுவரும் அதே அளவுக்கு நுணுக வேண்டியிருப்பதால், அதற்கு 10 அடுக்குகள் வைத்தால் மேலும் 60 லட்சம் சேர்கின்றன. ஒரு சிறிய மூடிக்கு இது பொருந்தாத செலவு.

இரண்டாவது சிக்கல்தான் என்னை அதிகம் குழப்புகிறது. மெஷ் தொல்லையிலிருந்து தப்பிக்க, லேபிள் படும் முகத்தில் வெப்பம் மெதுவாக வெளியேறும்படி மட்டும் அமைத்து ஓட்டிப் பார்த்தேன். மூடியின் நடுப்பகுதி உள்ளே அமிழும் என்று கணிப்பு சொல்கிறது. உண்மையில் அச்சிலிருந்து வரும் மூடிகளின் நடுப்பகுதி மேலே உப்புகிறது. அளவில் வேறுபாடு இருந்தால் பொருள் தரவைக் குறை சொல்லலாம். திசையே மாறும்போது நான் அடிப்படையில் எதையோ விட்டுவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

லேபிளும் சுவரும் ஒரே குடும்பப் பிளாஸ்டிக்தானே, லேபிளை மறந்துவிட்டு சுவரை 0.86 மி.மீ. என்று வைத்தால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. அது சரியா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கண்ணி எண்ணுபவர் (மறுமொழி)

வணக்கம். உங்கள் கடைசி யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். 0.86 என்று வைத்தால், உருகிய பிளாஸ்டிக் லேபிள் இருக்கும் இடத்திலும் ஓடுவதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். இரு தட்டுகளுக்கிடையே ஓடும் திரவத்துக்கு வழிவிடும் திறன் இடைவெளியின் கன அளவோடு மாறுவதால், பாகுநிலை மாறாத திரவமாக இருந்தால் ஓட்டம் 24 விழுக்காடு எளிதாகிவிடும். பிளாஸ்டிக் வேகமாக ஓடும்போது இளகும் தன்மையுள்ளது என்பதால் வேறுபாடு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அழுத்தக் கணிப்பு பொய்யாகும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் சொல்லும் 0.8 மி.மீ. என்பது எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான இடைவெளியா, அல்லது லேபிளைக் கழித்த பிறகு பிளாஸ்டிக்குக் கிடைக்கும் இடைவெளியா? அச்சு வரைபடத்திலிருந்து எடுத்த அளவு என்றால் அது பெரும்பாலும் முன்னதுதான். அப்படியானால் பிளாஸ்டிக் ஓடும் பாதை 0.74 மி.மீ. மட்டுமே, நீங்கள் கூட்ட நினைத்த 60 மைக்ரானைக் கழித்திருக்க வேண்டும்.

இனி வெப்பத்துக்கு வருகிறேன். லேபிள் ஒரு வெப்பத்தடை. அதன் தடையைத் தடிமனைக் கடத்துதிறனால் வகுத்துப் பெறலாம். கடத்துதிறனை மீட்டருக்கு, கெல்வினுக்கு 0.15 வாட் என்று எடுத்தால், 60 மைக்ரானுக்கு 0.0004 வருகிறது. லேபிள் இல்லாதபோதும் பிளாஸ்டிக்குக்கும் எஃகுக்கும் இடையே ஒரு தொடுதடை உண்டு. மோல்டுஃப்ளோ மென்பொருளில் நிரப்பும் கட்டத்துக்கு இயல்பாக வைத்திருக்கும் வெப்பப் பரிமாற்றக் கெழு (வெப்பம் தொடுமுகத்தைக் கடக்கும் எளிமையைக் குறிக்கும் எண்) 5000. அதன் தலைகீழ் 0.0002. இரண்டையும் கூட்டினால் 0.0006. அதைத் திரும்பத் தலைகீழாக்கினால் லேபிள் பக்கத்துக்குரிய கெழு ஏறத்தாழ 1670 என்று கிடைக்கிறது. அழுத்திப் பிடிக்கும் கட்டத்துக்கு இயல்பு மதிப்பு 2500 என்பதால், அங்கே அதே கணக்கு 1250 ஆகிறது. லேபிள் படும் முகத்துக்கு மட்டும் இந்த மதிப்புகளைக் கொடுத்தால் போதும். நீங்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும் என்று கருதுகிறேன்.

இந்தக் குறுக்குவழி எப்போது செல்லும் என்பதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. தடிமனை வர்க்கப்படுத்தி வெப்ப விரவல் கெழுவால் (பொருளுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் குறிக்கும் எண்) வகுத்தால், வெப்பம் அந்தப் படலத்தைக் கடக்க ஆகும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். 60 மைக்ரானுக்கு அது 0.04 நொடிக்கும் குறைவு. உங்கள் மூடி நிரம்ப அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும் என்றால், லேபிள் தனக்குள் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் பொருளாக நடந்துகொள்வதில்லை, வெறும் தடையாகவே நடந்துகொள்கிறது என்று கொள்ளலாம். இதையே 0.25 மி.மீ. பாலிகார்பனேட் படலத்துக்குச் செய்து பாருங்கள்: ஏறத்தாழ அரை நொடி வரும். அங்கே குறுக்குவழி பொருந்தாது. படலத்தை உண்மையாகவே மெஷ் போட்டாக வேண்டும்.

குறுக்குவழி மறைத்துவிடுவது ஒன்று உண்டு. அது பிளாஸ்டிக் லேபிளைத் தொட்ட கணத்தின் வெப்பநிலை. கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண், எஃகுக்குப் பாலிபுரோப்பிலீனைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. எனவே 230 டிகிரி பிளாஸ்டிக் 25 டிகிரி எஃகைக் குறையின்றித் தொட்டால் தொடுமுகம் 36 டிகிரிக்கு அருகில் நிற்கும். அதே பிளாஸ்டிக் 25 டிகிரியிலுள்ள பாலிபுரோப்பிலீன் லேபிளைத் தொட்டால், இருபுறமும் ஒரே பொருள் என்பதால், தொடுமுகம் நடுமதிப்பான 127 டிகிரியை ஒட்டி இருக்கும். பின்னால் தொடர்ந்து வரும் சூடான பிளாஸ்டிக் அதை மேலும் உயர்த்தும். லேபிள் எப்படி ஒட்டுகிறது, கேட்டுக்கு எதிரே மையைப் பிளாஸ்டிக் அடித்துச் செல்லுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த எண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. உங்கள் மூடியில் கேட் நேராக லேபிளின் நடுவைப் பார்த்து நிற்கிறது என்பதால், ஒட்டுதலும் மை கரைவதும் உங்கள் கவலையாகும் நாளில் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது லேபிளை மெஷ் போடுங்கள்.

மெஷ் போடுவது என்றாலும் 12 லட்சம் தேவையில்லை. விளிம்பு தடிமனைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதியைச் சற்று ஆராய வேண்டும். டெட்ராவின் வடிவம் கெட்டால் கணிப்பும் கெடும் என்பது உண்மை. ஆனால் முக்கோண முகத்தை அப்படியே தடிமன் திசையில் இழுத்து உருவாக்கும் ஆப்பு வடிவ எலிமென்டுக்கு அந்த அச்சம் பெரிதாக இல்லை, ஏனெனில் இங்கே வெப்பநிலை மாறுவது ஏறத்தாழ முழுவதும் தடிமன் திசையில்தான். 1 மி.மீ. விளிம்புள்ள முக்கோணங்களோடு மூன்று அடுக்கு ஆப்புகள் வைத்தால், உங்கள் லேபிளுக்கு 55,000 எலிமென்டுகளுக்குள் வேலை முடிந்துவிடும்.

முனைப்புள்ளி (மறுமொழி)

எங்கள் மென்பொருளில் ஆப்பு அடுக்கு வசதி இல்லாத காலத்தில் நான் பின்பற்றிய ஒரு வழியையும் இங்கே பதிவு செய்கிறேன். மெல்லியசுவர் அவர்களுக்கு உதவலாம். லேபிளை எஃகின் பக்கமாகப் பத்து மடங்கு தடிமனாக, அதாவது 0.6 மி.மீ. ஆக வரைந்துவிட வேண்டும். கடத்துதிறனைப் பத்து மடங்காக்கி 1.5 என்றும், அடர்த்தியைப் பத்தில் ஒரு பங்காகவும் கொடுக்க வேண்டும். தடிமனும் கடத்துதிறனும் ஒருசேரப் பத்து மடங்காவதால் வெப்பத்தடை மாறாது. சதுர மீட்டருக்குரிய வெப்பக் கொள்ளளவும் மாறாது. விரவல் கெழு நூறு மடங்காகிறது, தடிமனின் வர்க்கமும் நூறு மடங்காகிறது. எனவே மேலே சொன்ன 0.04 நொடியும் அப்படியே நிற்கிறது. சாதாரண டெட்ரா மெஷ்ஷே போதுமானதாகிவிடும்.

ஒரே ஒரு கெடுதல் உண்டு. முகத்தின் போக்கிலும் வெப்பம் எளிதாகப் பரவத் தொடங்கும். ஒரு நொடியில் அது ஏறத்தாழ 3 மி.மீ. தூரம் பக்கவாட்டில் பரவும் என்பதால், லேபிளின் ஓரத்தில் இருக்கவேண்டிய கூர்மையான வெப்பநிலை மாற்றம் மழுங்கிப்போகும். திசைக்கொரு கடத்துதிறன் கொடுக்க மென்பொருள் இடம் கொடுத்தால், முகத்தின் போக்கிலான மதிப்பை மட்டும் குறைத்துவிடலாம்.

சமநிலைத் தளம் (மறுமொழி)

முனைப்புள்ளி சொன்ன வழி வெப்பத்துக்கு நேர்த்தியானது. ஆனால் அதே மெஷ்ஷைக் கொண்டு வளைவையும் கணித்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். யங் குணகத்தை (பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்) பத்தில் ஒரு பங்காக்கினால் லேபிளின் இழுவிறைப்பு சரியாக வரும், உண்மைதான். ஆனால் லேபிள் சுவரை வளைப்பது அது இழுக்கும் விசையால் மட்டுமல்ல, அந்த விசை சுவரின் நடுத்தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதாலும்தான். உண்மையில் அந்தத் தொலைவு 0.43 மி.மீ. தடிமனாக்கிய மாதிரியில் அது 0.70 மி.மீ. ஆகிவிடுகிறது. வளைக்கும் திருப்பம் 1.6 மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது. லேபிளின் தனி வளைவிறைப்போ நூறு மடங்காகிறது. சுவரோடு ஒப்பிட்டால் அது இன்னும் சிறியதுதான் என்றாலும் பொய்யான ஒன்று. எனவே வெப்பத்துக்கு ஒரு மாதிரி, வளைவுக்கு இன்னொரு மாதிரி என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

இப்போது உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன், மெல்லியசுவர். நீங்கள் எதை விட்டுவிட்டீர்கள் என்பது நீங்கள் எழுதிய வாக்கியத்திலேயே இருக்கிறது. வெப்பம் மெதுவாக வெளியேறும்படி *மட்டும்* அமைத்தீர்கள்.

லேபிள் மூடிக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. முதல் வேலை வெப்பத்தைத் தடுப்பது. லேபிள் பக்கம் நீண்ட நேரம் சூடாக இருக்கிறது. மறுபக்கம் முன்பே உறைந்து நின்றுவிட்ட பிறகு இது குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும் பக்கம் குழிகிறது. லேபிள் மேல்முகத்தில் இருப்பதால் மூடியின் நடு அமிழ்கிறது. உங்கள் சிமுலேஷன் சொன்னது இதைத்தான், அது சொன்னவரை சரியே. இரண்டாவது வேலை, சுருங்க மறுப்பது. அச்சுக்குள் வந்தபோதே லேபிள் குளிர்ந்த, முழுமையாக உருவான ஒரு திடப்பொருள். அதன் பின்னால் உருகிய நிலையிலிருந்து உறையும் பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2 விழுக்காடு வரை சுருங்குவது வழக்கம். கூடவே சுருங்காத லேபிள், தன் பக்கத்தை நீளமாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது. நீளமான பக்கம் புடைக்கும். நடுப்பகுதி மேலே உப்புகிறது.

இவற்றில் எது வெல்லும்? முதல் வேலையின் வலுவை ஒரு கைக்கணக்கால் பார்க்கலாம். வெப்பத்தைப் பொறுத்தவரை, 0.15 கடத்துதிறனுள்ள 60 மைக்ரான் லேபிள் என்பது, 0.2 கடத்துதிறனுள்ள சுவரில் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக 80 மைக்ரான் பூசியது போன்றது. சுவரின் மிகச் சூடான தளம் நடுவிலிருந்து லேபிளை நோக்கி ஏறத்தாழ 40 மைக்ரான் நகரும். 0.8 மி.மீ. சுவரில் அது 5 விழுக்காடு. குளிரும் நேரம் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்றாலும், சமச்சீர் கெடுவது சிறிதளவுதான்.

இரண்டாவது வேலைக்கு, திமொஷென்கோ 1925இல் இரட்டை உலோகப் பட்டைகளுக்காக வெளியிட்ட வாய்பாடே போதும். லேபிளின் யங் குணகம் சுவரினுடையதைப்போல் ஒன்றரை மடங்கு என்றும், இரண்டுக்கும் சுருக்கத்தில் உள்ள வேறுபாடு வெறும் 0.2 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு ஆரம் ஏறத்தாழ 830 மி.மீ. வருகிறது, 100 மி.மீ. விட்டத்தில் நடுப்பகுதி 1.5 மி.மீ. உயரும். வேறுபாட்டை 1 விழுக்காடாக்கினால் இதே கணக்கு 7.5 மி.மீ. என்று சொல்லும். அவ்வளவு உயராது, மூடியின் விளிம்பு வளையம் பிடித்துக்கொள்ளும், அச்சுக்குள் இருக்கும்போதே பிளாஸ்டிக் ஓரளவு தளர்ந்துகொடுக்கும், பெரிய வளைவுக்கு நேர்கோட்டு வாய்பாடும் செல்லாது. நான் இதைக் காட்டுவது அளவுக்காக அல்ல. சுருக்க வேறுபாட்டில் அரைக்கால் விழுக்காடு இங்குமங்கும் போனாலே விடை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆடுகிறது. அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் பயனில்லை.

ஆகவே வளைவுக் கணிப்பில் லேபிளை ஷெல் எலிமென்டாக (தடிமனை வரையாமல் எண்ணாக மட்டும் கொடுக்கும் தகடு எலிமென்ட்), சுவரின் முகத்தில் ஒட்டி, அரைத் தடிமன் வெளியே தள்ளி வையுங்கள். உண்மைத் தடிமன், உண்மை யங் குணகம். லேபிளுக்கான சுருக்கத்தைத் தொடக்கத் திரிபாக, அதாவது தொடக்கத்திலேயே இருக்கும் நீள மாற்றமாக, கொடுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இழுத்து நீட்டிய படலம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. படலம் ஓடும் திசையைவிடக் குறுக்குத் திசையில்தான் பொதுவாக அதிகம் இழுக்கப்படுகிறது. அதனால் குறுக்குத் திசையில் விறைப்பும் அதிகம். சூடுபட்டால் படலம் தானும் சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கமும் திசைக்குத் திசை மாறும். ஒரே மதிப்பைக் கொடுத்தால் வட்டக் கிண்ணம் போன்ற வளைவுதான் கிடைக்கும், உண்மையில் ஓர் அச்சைச் சுற்றிச் சுருண்டதுபோல் வந்தாலும்.

அச்சுக்கூடத்துக்காரர் (மறுமொழி)

நான் சிமுலேஷன் செய்பவன் அல்லன். எந்திரத்தின் அருகில் நிற்பவன். மேலே உள்ள கணக்குகளைப் படித்துவிட்டு, கணினியைத் தொடுவதற்கு முன் செய்யக்கூடிய இரண்டு எளிய சோதனைகளைச் சொல்லத் தோன்றியது.

லேபிள் இல்லாமல் பத்து மூடிகள் அடியுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். அவை தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ வந்தால் குற்றவாளி லேபிள்தான் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். லேபிள் இல்லாமலும் அவை மேலே உப்பினால், நீங்கள் பார்க்கவேண்டியது அச்சின் இரு பக்கங்களுக்கும் போகும் குளிர்நீரை, லேபிளை அல்ல. அடுத்து, லேபிளை 90 டிகிரி திருப்பி வைத்து இன்னும் பத்து அடியுங்கள். உங்களுடையது வட்ட மூடி என்பதால் இது எளிது. லேபிளை வைக்கும் ரோபோவின் பிடிப்பானைக்கூட மாற்ற வேண்டியிராது. வளைவின் அச்சும் கூடவே 90 டிகிரி திரும்பினால், படலத்தின் திசை வேறுபாடுதான் அதற்குக் காரணம். திரும்பாமல் நின்றால் அது மோல்டு அல்லது கேட்டின் வேலை. இதற்காக லேபிள் தாளில் படலம் ஓடும் திசையை அம்புக்குறியாக அச்சிட்டுத் தரும்படி முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெட்டிய பிறகு வட்ட லேபிளைப் பார்த்து யாரும் திசை சொல்ல முடியாது.

அளப்பதிலும் ஓர் எச்சரிக்கை. மூடி அச்சிலிருந்து விழுந்தவுடன் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு சிமுலேஷனோடு சண்டையிட வேண்டாம். பாலிபுரோப்பிலீன் வெளியே வந்த பிறகும் படிகமாகிக்கொண்டே சுருங்கும். லேபிளோ கூடவே வருவதில்லை. காலையில் தட்டையாகத் தெரிந்த மூடி மறுநாள் உப்பியிருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இரண்டு நாள் தட்டையான இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்து, அதன்பின் அளக்கவும்.

கண்ணி எண்ணுபவரின் வெப்பத்தடைக் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். லேபிளுக்கும் எஃகுக்கும் நடுவில் சிக்கும் காற்று. நாங்கள் லேபிளை நிலைமின்னூட்டத்தால் ஒட்டவைக்கிறோம்; மின்னூட்டம் குறைந்த நாளில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் குமிழ் விழும். அது வெப்பக் கணக்கில் எவ்வளவு ஆகும்?

கண்ணி எண்ணுபவர் (மறுமொழி)

நிறையவே ஆகும். காற்றின் கடத்துதிறன் 0.026 அளவில்தான் இருக்கிறது என்பதால், வெறும் 10 மைக்ரான் காற்று அடுக்கு 0.0004க்குச் சற்றே குறைவான தடையைக் கொடுக்கிறது. அதாவது முழு லேபிளும் கொடுப்பதற்கு ஏறத்தாழ நிகர். அழுத்தம் முழுமையாக இருக்கும் வரை லேபிள் எஃகோடு நசுங்கிக் கிடக்கும், காற்றும் சுருங்கிவிடும்; எனவே நிரப்பும் கட்டத்தில் இதை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டாம். கேட் உறைந்து அழுத்தம் வடிந்த பிறகுதான் இடைவெளி திறக்க வாய்ப்புண்டு. அந்தக் கட்டத்துக்கு லேபிள் பக்கத்தின் கெழுவை 1250இலிருந்து மேலும் பாதியாகக் குறைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறது என்று அறிந்துகொள்வது போதுமானது.

இன்னொன்றையும் நான் விட்டிருந்தேன். 0.15 என்ற கடத்துதிறன் திண்மையான படலத்துக்கு. வெண்மையாக, ஆரஞ்சுத் தோல் போன்ற மேற்பரப்போடு வரும் லேபிள்களின் உள்ளே நுண்ணிய வெற்றிடங்களை வேண்டுமென்றே உண்டாக்கியிருப்பார்கள். எடையைத் தராசில் பார்த்தால் தெரிந்துவிடும்: 60 மைக்ரான் திண்மையான பாலிபுரோப்பிலீன் படலம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிராம் இருக்க வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் உள்ளே காற்று இருக்கிறது, கடத்துதிறனும் 0.15ஐவிடக் குறைவு.

மெல்லியசுவர் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. சில நாள்கள் கழித்து, செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

0.8 மி.மீ. என்பது எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான அளவேதான். வரைபடத்தைத் திரும்பப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பிளாஸ்டிக் பாதையை 0.74 என்று திருத்தியதும், எந்திரத்தில் காணும் அழுத்தத்தைவிடக் கணிப்பு தாழ்ந்தே வந்துகொண்டிருந்ததற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அந்தக் குறையை நான் இதுவரை பாகுநிலைத் தரவின் தலையில் போட்டுவந்தேன். லேபிளை எடைபோட்டுப் பார்த்தேன். திண்மையான படலத்துக்குரிய எடைக்கு நெருங்கி வருகிறது, எனவே 0.15ஐ மாற்றவில்லை.

அச்சுக்கூடத்துக்காரர் சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்தோம். லேபிள் இல்லாத மூடிகள் இலேசாக அமிழ்ந்து வந்தன. லேபிளைத் திருப்பியபோது உப்பலின் நீண்ட அச்சும் திரும்பியது. அதுவரை அது வட்டமான உப்பல் என்றே எண்ணியிருந்தேன்; அளவுகோலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்த பிறகுதான் அது ஒரு திசையில் அதிகம் என்பது தெரிந்தது.

இப்போது வெப்பத்துக்குக் கெழு முறையையும், வளைவுக்கு ஷெல் லேபிளையும் வைத்து ஓட்டினேன். திசை சரியாகிவிட்டது. அளவு மட்டும் இன்னும் உண்மையைவிட அதிகமாக வருகிறது. லேபிளின் வெப்பச் சுருக்கத்துக்கு நான் சுழியம் கொடுத்திருக்கிறேன். அதை அடுப்பில் வைத்து அளக்கலாமா? எந்த வெப்பநிலையில் அளப்பது?

சமநிலைத் தளம் (மறுமொழி)

சுழியம் கொடுத்தால் உப்பல் அதிகமாகத்தான் வரும். லேபிள் சிறிதும் சுருங்கவில்லை என்றால் வேறுபாடு முழுவதும் சுவரின் கணக்கில் விழுந்துவிடும். உண்மை லேபிள் சற்றுச் சுருங்கும், அந்த வேறுபாட்டைக் குறைக்கும்.

அளப்பதற்குச் சதுரத் துண்டுகளை வெட்டி, இரு திசைகளையும் குறித்து, தளர்வாக வைத்துச் சூடாக்குங்கள். வெப்பநிலைக்குத் தொடுமுகக் கணக்கில் வந்த 127 டிகிரியை ஒட்டி 120, 130, 140 என்று மூன்று புள்ளிகள் எடுங்கள். ஆனால் அடுப்பில் கிடைக்கும் எண்ணை மேல்வரம்பாக மட்டும் கொள்ளுங்கள். அடுப்பில் லேபிள் கட்டுப்பாடின்றிச் சுருங்குகிறது, சூடும் நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. அச்சுக்குள் அழுத்தம் அதை எஃகோடு பிடித்து வைத்திருக்கிறது, சூடு ஒரு நொடிக்குள் தணியத் தொடங்கிவிடுகிறது, அதுவும் ஒரு முகத்தில்தான். சுழியத்துக்கும் அடுப்பு எண்ணுக்கும் இடையே எங்கோ உண்மை இருக்கிறது. லேபிளோடு அடித்து இரண்டு நாள் வைத்த மூடியின் இரு திசை வளைவுகளையும் கொண்டு அந்த இடத்தை ஒருமுறை பொருத்திக்கொள்ளுங்கள். அதே படலம், ஏறத்தாழ அதே சுவர்த் தடிமன் என்றால் அடுத்த மூடிக்கும் அந்த எண்ணையே பயன்படுத்தலாம். லேபிள் வழங்குபவர் படலத்தை மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.

பொருத்தும்போது 0.8ஐ விட்டுவிட்டு 0.74ஐ வைக்க மறவாதீர்கள். சுவர் மெலியும்போது அதே லேபிள் அதை இன்னும் எளிதாக வளைக்கும். என் மேற்கண்ட கைக்கணக்கு முழுவதும் 0.8க்குப் போட்டது.